கழுத்து வரைக்கும் ஊற்றிய எண்ணெய்

கடலூர் செம்மண்டலத்தில் பொன்னுரங்கம் மாமாவின் பட்டறைக்கு வண்டி கொண்டு வருகிறவர்கள் ஒரு குறையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மாமா இரண்டு குறைகளைச் சரி செய்து வைத்திருப்பார். இரண்டாவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியை விட்டுப் போன பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பிரேக் திடீரென்று நன்றாகப் பிடிக்கிறதே என்று மறுநாள் திரும்பி வந்து கேட்டார். பிரேக் கேபிள் கடைசி இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து மாமா மாற்றியிருந்தார். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று அக்கா கேட்டதற்கு, "சொன்னா, இத்தன நாளு இதுலயா ஓட்டுனோம்னு பயந்துக்குவாரு. சரியாயிடுச்சில்ல, வுடு" என்றார்.

அக்கா என்பது என் உடன்பிறந்த ராஜாமணி. மாமா அவள் கணவர். நான் பிழைப்புக்காக அபுதாபியில் இருக்கிறேன். தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் கொஞ்சம் கூடுதல். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தியில் ஒரு வரி ஓடினால் போதும், கடலூருக்குப் போன் போட்டுவிடுவேன். மாமா எடுத்தால், "தூறுது மச்சான், அவ்ளோதான்" என்பார். அக்கா எடுத்தால்தான் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்பது தெரியும். கெட்ட சேதியைத் தானே சரி செய்து முடித்துவிட்டால் அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பது மாமாவின் கணக்கு. இதையெல்லாம் எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். எழுது என்றுதான் சொன்னார்கள்.

மாமா பிறந்தது நெல்லிக்குப்பம். அவர் அப்பா கரும்பாலைக்கு டிராக்டர் ஓட்டினவர். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கடலூர் முதுநகரில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஜங்ஷனுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் அந்தப் பட்டறை. மீன் கூடை கட்டிய வண்டிகளும் ரயில்வே ஆட்களின் வண்டிகளும்தான் அங்கே வரும். பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக். அங்கே அவரோடு வேலை பார்த்தவர் காத்தவராயன். பிற்பாடு சிதம்பரத்தில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார்.

மாமாவை மாப்பிள்ளையாகப் பார்க்கப் போன எங்கள் அப்பா, பெண் வீட்டுக்காரர் என்று காட்டிக்கொள்ளவில்லை. சிதம்பரத்திலிருந்து தன் மொபெட்டிலேயே முதுநகர் வரைக்கும் போய், ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது என்று சொல்லி நின்றிருக்கிறார். சிதம்பரத்திலிருந்து எப்படி வந்தீர்கள் என்று மாமா கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரை ஊதி மாட்டிக் கொடுத்திருக்கிறார். அப்பா திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டி இருட்டிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஒழுங்காக விலகிப் போகிறானே என்று இறங்கிப் பார்த்தால், பல மாதமாக எரியாத பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றாமலே சொன்னார், "இந்தப் பையன்தான்." அக்கா அப்போது முகத்தைக் கூடப் பார்த்திருக்கவில்லை. "பின் லைட்ட பாத்துக் கட்டிக் குடுத்தாங்க என்னை" என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி வந்தால் மாமா முதலில் அதன் பின்னால் போய் நிற்பார். சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து, புகையை வாங்கி மோந்து பார்ப்பார். புகை வெள்ளையாக வந்து, கியர் எண்ணெய் தீய்ந்த நாற்றம் அடித்தால் கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது என்று அர்த்தம். வண்டி சூடானதும் தானாக இரைய ஆரம்பித்தால் மறுபக்கத்து சீல் வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. எண்ணெய் குறைவாகப் போகிற இஞ்சினில் புகையே இருக்காது. பார்க்கிறவர்கள் சுத்தமாக ஓடுகிறது என்பார்கள். மாமா அதற்குத்தான் பயப்படுவார். இந்த வண்டிகளில் பிஸ்டனுக்கு வழுவழுப்பு கொடுக்க வேறு வழி கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து போகிற எண்ணெய்தான். அது போகவில்லை என்றால் பிஸ்டன் வீங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

சிந்துஜா பிறந்தது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து. ஒரே பெண். இங்க் பேனாவைப் பிடிப்பதற்கு முன்னால் பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பிடித்தவள் என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைப் பட்டறை வாசலிலேயே போட்டுவிட்டு, வண்டிகளின் பின்னால் போய்க் கையைக் குவித்துக்கொண்டு நிற்பாள். மூக்கைச் சுளித்து, "கிளட்ச் சைடு" என்று தீர்ப்புச் சொல்வாள். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வாள். அப்பனும் மகளும் அதற்காகச் சண்டை போடுவார்கள். வீடியோ காலில் நான் நடுவராக உட்கார்ந்திருப்பேன்.

அவளுக்குச் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் விவசாயப் படிப்பு கிடைத்தது. முதல் வருஷம் ரயிலிலும் பஸ்ஸிலும் போனாள். அந்தச் சமயத்தில்தான் முதுநகரில் ஒரு மீன் ஏலக்காரர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த நூறு சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி மாமாவிடம் வந்தது. அவள் பிறப்பதற்குப் பத்து வருஷம் முந்தைய மாடல். டேங்கில் துரு, சைலன்சருக்குள் வெள்ளத்தில் வந்த களிமண். இப்போது இந்த வண்டிகளுக்கு இளவட்டங்கள் அலைகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமா பட்டறைக்கே பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வருகிறார்கள். சிந்துஜா அதை விற்க விடவில்லை. "இது என் வண்டி" என்று கொட்டகைச் சேறோடு அதன் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள்.

ஆறேழு மாதம் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதோடு கிடந்தார்கள். சிலிண்டரை முதுநகர் லேத்தில் போர் போட்டு, அதாவது உள்பக்கத்தைக் குடைந்து, எடுத்து வந்தார்கள்; புதுப் பிஸ்டன் போட்டார்கள். அவளுக்கு ஒரே பிடிவாதம்: கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு போல்ட்கூட மாறக் கூடாது. இந்த வண்டிக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு சின்ன எண்ணெய் டேங்க் உண்டு. அதிலிருந்து ஒரு பம்ப் எண்ணெயை இஞ்சினுக்குத் தானாக அனுப்பும். பம்ப் பழசாகிவிட்டால் நம்ப முடியாது என்று எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் அதைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, "பெட்ரோல்லயே எண்ணெயக் கலந்து ஊத்திக்கோ" என்று சொல்லி அனுப்புவார்கள். மாமாவும் அப்படித்தான் செய்வார். அது சிந்துஜாவுக்குத் தெரியும்.

"பம்ப்ப மட்டும் கழட்டிடாதப்பா. கழட்டுனா அது ஒரிஜினலே கிடையாது. என் ஃப்ரெண்ட்ஸ்லாம் கலாய்ப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

மாமா சரி என்றார். பம்ப்பைப் பிரித்து, கழுவி, வாஷர் மாற்றி மாட்டினார். ஒரு நாள் எண்ணெய் அனுப்பியது, ஒரு நாள் அனுப்பவில்லை. சென்னையில் தேடினார், புதுசு கிடைக்கவில்லை. கடைசியில் அவள் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாள், மூடிக்குப் பின்னால் பம்ப்பை எடுத்துவிட்டு, எண்ணெய்க் குழாயில் ஒரு திருகாணியை முறுக்கி அடைத்தார். மேல் மூடி பழையபடி மாட்டப்பட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. பக்க டேங்கில், அளவு தெரிகிற சின்னக் கண்ணாடியில் பாதி வரைக்கும் எண்ணெய் ஊற்றி வைத்தார், அவள் பார்ப்பாள் என்று. பெட்ரோல் போடுகிற வேலையை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேனில் எண்ணெயைக் கலந்து, குலுக்கி, டேங்கில் நிரப்புவார். அந்த வாரம் முழுக்க அது போதும். "பங்க்குல தண்ணி கலக்கறானுவ, நானே பாத்து வாங்கியாறேன்" என்று அவளிடம் காரணம் சொன்னார். பக்க டேங்கில் எண்ணெய் ஏன் குறைவதே இல்லை என்று அவள் கேட்டதற்கு, அதையும் நான்தான் அப்பப்போ ஊற்றுகிறேன் என்றார். அவர் வழக்கமாகச் செய்வது அதுதான். குறை அவருக்குத் தெரியும், சரி செய்தாகிவிட்டது, அப்புறம் ஏன் பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டும்?

அக்காவுக்கு அந்த வண்டி ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சிதம்பரம் ரோட்டில் பஸ்காரர்கள் ஓட்டுகிற ஓட்டத்தை அவள் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாள். எனக்குப் போன் செய்து, நீ சொன்னால் கேட்பாள் என்று அழுதாள். நானும் சொன்னேன். "மாமா, நீ அங்க லிஃப்ட்ல போறதுக்கே பயப்படுற ஆளு" என்று சிந்துஜா என்னை ஓட்டினாள். பேச்சு வார்த்தை நடந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும், ஹெல்மெட்டோடு, போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த மெசேஜை அவள் எனக்கும் சேர்த்து அனுப்புவாள். ரீச்ட் என்று ஒரு வார்த்தை. நான் ஆபீசில் அதைப் பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமா ஊரில் இல்லை. நெல்லிக்குப்பத்தில் அவர் பெரியப்பா தவறிப் போய், ஞாயிற்றுக்கிழமையே அங்கே போய்விட்டார். அந்த வாரத்துக்குப் பெட்ரோல் கலந்து ஊற்றவில்லை. சாவு வீட்டு அலைச்சலில் அது ஞாபகத்துக்கு வந்தபோது, தான் இல்லாமல் அவள் வண்டியை எடுக்க மாட்டாள், பஸ்ஸில் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டாராம். சிந்துஜாவுக்குச் செவ்வாய் காலையில் செய்முறைத் தேர்வு. பஸ்ஸை விட்டுவிட்டாள். வண்டியை எடுக்கிறேன் என்றாள்.

அக்கா தடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். மெக்கானிக் பெண்டாட்டி, எண்ணெய் இல்லாவிட்டால் இந்த வண்டி கெட்டுவிடும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். எண்ணெய் இருக்கிறதா பார் என்றாள். பாதி இருக்கிறது, போதும் என்றாள் மகள். அக்கா கேட்கவில்லை. பட்டறையிலிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்து வந்து, பக்க டேங்கின் மூடியைத் திறந்து, விளிம்பில் தளும்பும்வரை ஊற்றினாள். வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

பெட்ரோல் டேங்க் வற்றியிருந்ததால், முதுநகர் தாண்டி ஒரு பங்க்கில் சிந்துஜாவே பெட்ரோல் போட்டிருக்கிறாள். டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பார்த்ததும், எண்ணெய் கலக்கட்டுமா என்று அங்கே இருந்தவர் கேட்டிருக்கிறார். பின்னால் எங்கள் உறவுக்காரர்கள் விசாரித்தபோது அவர் அதைச் சொன்னார். அவள் பக்க டேங்கின் கண்ணாடியைத் தட்டிக் காட்டி, "எங்கம்மா கழுத்து வரைக்கும் ஊத்தியிருக்காங்கண்ணா" என்று சிரித்தாளாம்.

ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்குள் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் நின்று வண்டி சுழன்றது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரன் ஓடிப் போகவில்லை. அவன்தான் அவளைத் தூக்கி ஓரத்தில் கிடத்தியிருக்கிறான். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு ரீச்ட் வரவில்லை என்று நான்தான் முதலில் கடலூருக்குப் போன் செய்தேன்.

காரியமெல்லாம் முடிந்தும் பட்டறை பல மாதம் பூட்டியே கிடந்தது. பிறகு மாமா திறந்தார். ஸ்கூட்டரும் நாலு-ஸ்ட்ரோக் பைக்கும் பார்த்தார். டூ-ஸ்ட்ரோக் வந்தால், தெரியாது என்று திருப்பி அனுப்பினார். பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர்களிடம்கூட, தனக்கு அந்த வண்டி தெரியாது என்று சொன்னார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொண்டு வந்து போட்ட அந்த வண்டி பட்டறையின் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

லாரிக்காரன்தான் காரணம் என்று உறவில் எல்லாரும் பேசினார்கள். மாமா மட்டும் அதற்குத் தலையாட்டவில்லை. பின் சக்கரம் இழுத்த கறுப்புக் கோடு ரோட்டில் இருந்ததை அவர் போய்ப் பார்த்திருந்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் தான் விட்ட இடைவெளி போதவில்லையோ, இறுக்கமாகப் போட்டுவிட்டேனோ என்பது அவர் சந்தேகம். போன வாரம் தான் கலந்து ஊற்றியதில் மீதி இருந்திருக்கும், அதில்தான் போயிருப்பாள் என்று நினைத்திருந்தார்; பங்க்கில் நடந்த பேச்சு அதுவரை அவர் காதுக்கு வரவில்லை. கேட்டவர்கள், மகள் கடைசியாகச் சிரித்துப் பேசியதை அவரிடம் சொல்ல மனம் வராமல் எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பம்ப் அடைத்த விஷயம் தெரியாது. அதனால் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் நான் விடுப்பில் போயிருந்தபோது அக்காதான் ஆரம்பித்தாள். அது அந்த மூலையில் மூடிக் கிடக்கிற வரைக்கும் தனக்குத் தூக்கம் வராது, பிரித்துப் பார்த்து என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுங்கள் என்றாள். மாமா இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "வா மச்சான், கூட நில்லு" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

தார்ப்பாயை விலக்கிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டர் வரவில்லை. மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டித் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து மேலே இழுத்தார். பிஸ்டனை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். இறுக்கமாகப் போட்டதால் பிடித்திருந்தால் நாலு இடத்தில் மட்டும் தேய்ந்த தழும்பு இருக்கும் என்று எனக்குச் சொன்னார். அந்தப் பிஸ்டனில் நாலு தழும்பு இல்லை. சுற்றிலும் ஒரே மாதிரி வரி வரியாக உரிந்து, அலுமினியம் சாம்பலாகப் பூத்திருந்தது. அவர் குனிந்து, சிலிண்டருக்கு அடியில் இருக்கிற கிராங்க் கேசுக்குள் விரலை விட்டுத் தடவினார். கடைசிவரை எண்ணெய் கலந்து ஓடிய இஞ்சின் எத்தனை வருஷம் கிடந்தாலும் உள்ளே பிசுபிசுப்பு இருக்கும். அவர் விரல் துருத் தூளோடு காய்ந்து வந்தது.

அப்போதுதான் அவர் பக்க டேங்கைப் பார்த்தார். சேறு காய்ந்திருந்த கண்ணாடியைக் கட்டை விரலால் துடைத்தார். பாதி இருக்க வேண்டிய எண்ணெய் விளிம்பு வரைக்கும் நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"எண்ணெயெல்லாம் இருந்துச்சு பாருங்க. அன்னிக்கு நான்தான் கழுத்து வரைக்கும் ஊத்தி அனுப்புனேன். புள்ளைக்கு நான் கடைசியா செஞ்சது அது ஒண்ணுதான். அதுல கொற வெக்கல நானு" என்றாள்.

மாமா கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆமா. எண்ணெய் நல்லா இருக்கு" என்றார்.

"அப்ப ஏன் புடிச்சிச்சு?"

"போரு டைட்டு. கேப்பு பத்தாம போட்டுட்டேன்." நிமிராமலே சொன்னார். "என் கைதான் ராஜாமணி."

அக்கா கத்தவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் மாமா என்னிடம் பம்ப்பை அடைத்த கதையைச் சொன்னார். பங்க்கில் சிந்துஜா சொன்னதாகக் கேள்விப்பட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அதை நானும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிஸ்டன் இன்னும் கையில் இருந்தது.

"அவ ஊத்துனது ஒரு சொட்டு உள்ள போவல மச்சான். நான்தான் ஆணி போட்டு வெச்சிருக்கேனே. பாதி இருந்தாலும் ஒண்ணுதான், ஃபுல்லா இருந்தாலும் ஒண்ணுதான். புள்ள அத பாத்துட்டு, இருக்குதுன்னு நம்பிப் போயிருக்கு" என்றார். பிறகு, "போருன்னாலும் என் தப்புதான், பம்ப்புன்னாலும் என் தப்புதான். எனக்கு ஒண்ணுதான். அவளுக்கு அந்த எண்ணெயாவது இருக்கட்டும். நீ சொல்லிடாத" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சரியா என்று அபுதாபி திரும்பிய பிறகும் தெரியவில்லை. அக்கா அடுத்த வாரமே சிதம்பரத்துக்கு, எங்கள் அப்பா கட்டிய வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. "அந்தக் கையால சோறு போட்டா எறங்கல தம்பி. எனக்கே புடிக்கல, நான் இப்படி நெனைக்கிறது. ஆனா எறங்கல" என்று என்னிடம் சொன்னாள். மாமா பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அதற்கப்புறம் வாரம் தவறாமல் காய்கறி வாங்கிக்கொண்டு சிதம்பரம் போவார். வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். நான் போன் செய்யும்போதெல்லாம், "நல்லாத்தான் இருக்கேன் மச்சான். ஹோட்டல் சாப்பாடு ஒண்ணும் பண்ணல" என்பார். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் இரண்டு நாளாகப் பட்டறை திறக்கவில்லை என்பார்கள்.

போன ஆவணியில் அக்காவைப் பார்க்கக் காத்தவராயன் போயிருக்கிறார், மாமாவோடு முதுநகரில் வேலை பார்த்த அதே ஆள். ஊரில் பரவிவிட்ட பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது: பொன்னுரங்கம் போர் தப்பாகப் போட்டதால்தான் பிள்ளை போய்விட்டது என்று. அவருக்கு அது பொறுக்கவில்லை. அவனா இறுக்கமாகப் போடுகிறவன், கை வைத்தால் காகிதம் நுழைகிற அளவு பார்த்துத்தான் விடுவான் என்று வாதாடியிருக்கிறார். எண்ணெய் விஷயத்திலும் அப்படித்தான், எந்த வண்டியிலும் பம்ப்பை நம்பாமல் அடைத்துவிட்டு, பெட்ரோலில் தன் கையால் கலந்து ஊற்றுகிறவன் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்ல வந்தது மாமாவின் கவனத்தைப் பற்றி.

அக்கா கேட்டாளாம், பம்ப்பை அடைத்துவிட்டால் பக்க டேங்கில் ஊற்றுகிற எண்ணெய் எங்கே போகும் என்று.

"எங்க போவும்க்கா? அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும்" என்றார் காத்தவராயன்.

அவர் டீயைக் குடித்து முடிக்கும் முன்பே அக்கா எழுந்து பையை எடுத்துவிட்டாள். மத்தியானமே கடலூர் பஸ் பிடித்துச் செம்மண்டலத்துக்கு வந்து இறங்கியிருக்கிறாள். அன்று நடந்ததை அவர்கள் இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மாமா ஒரு ஸ்கூட்டரின் பின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஊத்துனது ஒரு சொட்டும் போவல, இல்ல?"

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "போவல."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"உனக்கு அது ஒண்ணுதான இருந்துச்சு."

"அதுக்கு? இத்தன மாசம் உங்க கையப் பாத்தாலே எனக்கு வயித்தப் பெரட்டுச்சு. அத வாங்கிகினு சும்மா இருந்தீங்களா?"

அக்கா அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "புள்ளகிட்ட பம்ப் வேலை செய்யலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பெட்ரோல்ல ஊத்தியிருப்பேன். நீங்க கெட்டது ஒண்ணும் பண்ணல. சொல்லல. அவ்ளோதான்."

"ஆமா" என்றார் மாமா.

"இனிமே எதுவா இருந்தாலும் சொல்லணும். நல்லதோ கெட்டதோ. எனக்கு நோவும்னு பாக்காதீங்க. நோவட்டும்."

அவள் அன்றிலிருந்து செம்மண்டலத்தில்தான் இருக்கிறாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. சமைக்கிறாள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர் கையைப் பார்த்தால் இப்போது அப்படி ஆவதில்லை என்று ஒரு நாள் தானாகவே சொன்னாள். வேறு மாதிரி ஆகிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள்.

மாமா அவள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறார். பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாக் குறையையும் சொல்லிவிடுகிறார். சிலர் பயந்து வேறு பட்டறைக்குப் போகிறார்கள். காசு பறிக்கப் பார்க்கிறான் என்று நினைக்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டி வந்தால், தெரியாது என்று இப்போது சொல்வதில்லை. "தெரியும். ஆனா என்னால தொட முடியல" என்று சொல்லி, காத்தவராயன் கடைக்கு வழி காட்டுகிறார். கண்ணில் புரை வளர்வது, கூரையில் தண்ணீர் இறங்குவது, ராத்திரியில் மகள் குரல் கேட்கிற மாதிரி இருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவது என்று இத்தனை வருஷம் அவர் வாயிலிருந்து வராததெல்லாம் இப்போது போனில் வருகிறது. கேட்க எனக்குத்தான் பலம் போதவில்லை. தூறுகிறது, அவ்வளவுதான் என்று ஒரு முறை சொல்லிவிட மாட்டாரா என்றிருக்கிறது.

போன வாரம் சிந்துஜாவின் பிறந்தநாள். பகல் உணவு நேரத்தில் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார்.

"கட தொறக்கல மச்சான் இன்னிக்கு. முடியல" என்றார்.

அக்கா எங்கே என்று கேட்டேன்.

"பக்கத்துலதான் இருக்கா. அவளுக்கும் முடியலயாம். சொன்னா."